ஒரு ஹோம்வொர்க், மூன்று வாத்தியார்கள்

கோட்டையூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கும் நோட்டை மூட ராத்திரி ஒன்பதாகிவிடுகிறதாம். கணக்கை மாமனார் சொல்லித்தருகிறார். "மிஸ் இப்படிச் சொல்லித்தரலை ஐயா" என்று பிள்ளை அழுகிறாள். நடுவில் வீடியோ காலில் அப்பா வந்து வாய்பாடு கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பையனோ அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டு, டியூஷன் இல்லாமலே சரளமாக வாசிக்கிறான். "பேசாமல் டியூஷனில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே மூன்று வாத்தியார்கள் இருக்கிறார்கள், நான்காவது ஆள் எதற்கு? முதலில் அந்த மூன்று மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் சொல்லாமல், பென்சில் கையில் ஓடும் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ரப்பர் தேடுவது, தண்ணீர் குடிக்கப் போவது, ஐயாவோடு வாதாடுவது, அப்பாவிடம் பேசுவது, அழுவது எல்லாம் போக, எழுதும் நேரம் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணிதான் தேறும்.

குறித்துப் பார்த்த பிறகும் வேலையே ஒன்றரை மணிக்குக் குறையவில்லை என்றால் பள்ளி கொடுப்பது அதிகம். 2020இல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே அதிகபட்சம் 2 மணி நேரம்தான். இதை எடுத்துக்கொண்டு பள்ளியில் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அரை மணி, கூடிப்போனால் நாற்பது நிமிடம் ஆனதும் நோட்டை மூடிவிட்டு, டைரியில் எழுதுங்கள்: "40 நிமிடம் உட்கார்ந்தாள். கடைசி நான்கு கணக்கு வரவில்லை." மிச்சத்தை நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதி முடித்தால், பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்து மிஸ் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். முடிக்காத நோட்டுதான் அவருக்கு உண்மையைச் சொல்லும்.

இனி ஐயாவின் கணக்கு. உங்கள் வீட்டுச் சிக்கலின் முடிச்சு இதுதான் என்று எனக்குப் படுகிறது. 52லிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்பது ஐயா படித்த முறை. வகுப்பில் இதையே குச்சிக் கட்டுகளை வைத்துச் சொல்லித்தருவார்கள். பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டிய ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருக்கின்றன. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. ஐயா வாங்கச் சொன்ன கடன் அந்தப் பிரித்த கட்டுதான். இரண்டும் ஒன்றே என்று பெரியவர்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வேறு கணக்காகத் தெரிவதால்தான் அழுகை. ஆகவே நோட்டில் எழுதுவது மிஸ் சொன்ன முறையில் மட்டும் இருக்கட்டும். அதை அவளே ஐயாவுக்குச் சொல்லித்தரட்டும், அவர் தெரியாதவர்போலக் கேட்கட்டும். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம்.

ஐயாவுக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று உண்டு. கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் பாக்கிச் சில்லறை கொடுக்கும்போது கழிக்கவே மாட்டார்கள். சாமான் 27 ரூபாய், வந்த பணம் 52 என்றால், மூன்றைப் போட்டு முப்பது, இருபதைப் போட்டு ஐம்பது, இரண்டு ஐம்பத்திரண்டு. மூன்றும் இருபதும் இரண்டும் இருபத்தைந்து. இந்த மனக்கணக்குப் பழகிய பிள்ளை, நோட்டில் 35 என்று தப்பாகப் போட்டாலும் எங்கேயோ உதைக்கிறதே என்று தானே பார்ப்பாள். இதை ஹோம்வொர்க் நேரத்தில் கலக்காமல், சாப்பாட்டுக்குப் பிறகு சில்லறையை வைத்து விளையாட்டாகச் செய்யச் சொல்லுங்கள்.

வாய்பாட்டுக்கு நம் பக்கத்தில் தரையே போதும். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த வீடென்றால் நான்கு வரிசையில் ஆறு ஆறு கல்லைச் சாக்பீஸால் கட்டம் கட்டுங்கள். இந்தப் பக்கம் நின்றால் நான்கு ஆறு, அந்தப் பக்கம் போய் நின்றால் ஆறு நான்கு, இரண்டும் 24. வாய்பாட்டில் பாதிக்குப் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்று அவளே கண்டுபிடிப்பாள். சாதா டைல்ஸ் தரையிலும் இது நடக்கும், பூ இருக்காது, அவ்வளவுதான்.

இடம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வருவோர் போவோர் நிற்கும் முகப்பு வேண்டாம். உள்ளே வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) ஒரு தூணோரம், தினமும் அதே இடம். பென்சில், ரப்பர் எல்லாம் ஒரு டப்பாவில். பள்ளி விட்டு வந்ததும் சாப்பாடும் விளையாட்டும், ஆறு மணிக்கு நோட்டு.

அப்பாவின் அழைப்பு ஏழரைக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அப்போது ராத்திரி பத்து மணி. களைத்துப்போன மனிதர் பிள்ளையிடம் பேச ஆசைப்படுகிறார், என்ன பேசுவதென்று தெரியாமல் வாய்பாடு கேட்கிறார். அதற்குள் நோட்டை மூடிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அவளுக்குப் பிடித்த கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். தப்பாக வாசித்தால் உடனே திருத்த வேண்டாம், வாக்கியம் முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். பாதித் தப்பைப் பிள்ளைகள் தாங்களே திரும்பி வந்து சரிசெய்வார்கள்.

பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுத வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மூன்றாவது தடவைக்கு மேல் கைதான் எழுதும், மனசு தெருவில் இருக்கும். சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து ஒப்பிடட்டும். எட்டு–ஏட்டு, ஒலி–ஒளி என்று நாளைக்கு நான்கு சொல் போதும். மறுநாள் அதே நான்கை மறுபடி கேளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயம்: அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். ஒப்பிடுவதைவிட அந்தப் பயிற்சி நூலை வாங்கிப் பாருங்கள், உங்களுக்கே யோசனை கிடைக்கும்.

கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று நான்கு நாள் ஊர் கூடினால் இந்த ஒழுங்கெல்லாம் கலையும். கலையட்டும். விட்டதைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் எழுத வைக்காதீர்கள், மறுநாள் ஆறு மணிக்கு அன்றைய பாடத்திலிருந்து தொடங்குங்கள்.

மூன்று வாரம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் ஒன்றாம் வகுப்புச் சொற்களையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள் என்றால் மிஸ்ஸிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கற்றல் குறைபாடு ஏதும் உண்டா என்று பார்த்துவிடலாம். புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதுபவள் போர்டைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்புவிட்டால், டியூஷனுக்கு முன்னால் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இவை எதுவும் இல்லாமல் கணக்கில் மட்டும் பின்தங்கினால், அந்த ஒரு பாடத்துக்கு வாரம் இரண்டு நாள், நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காத இடமாகப் பாருங்கள். அவர்களும் பள்ளி முறையிலேயே சொல்லித்தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.