மகள் சினிமா படிக்கிறேன் என்கிறாள், +1-ல் எந்த குரூப் எடுப்பது?

சார், "சினிமா எல்லாம் ஒரு படிப்பா" என்று கேட்டிருந்தீர்கள். படிப்புதான். ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் சில பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புகளில் ஃபிலிம் தனிப் பாடமாகவே உண்டு. ஒரு படத்தின் சில நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, கேமரா ஏன் அங்கே நின்றது, வெட்டு, அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், ஏன் அங்கே விழுந்தது என்று எழுத வேண்டும், அப்புறம் தானே எடுத்தும் காட்ட வேண்டும். ஆனால் அதற்காகப் பள்ளியை மாற்றாதீர்கள், அந்தக் கட்டணத்துக்கு ஒரு நல்ல கேமராவே வாங்கிவிடலாம்.

உங்கள் மகள் படிக்கும் ஸ்டேட் போர்டிலேயே சயின்ஸ் குரூப் எடுக்கட்டும். காரணம் இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் +2 முடித்ததும் 4 வருடப் பட்டப்படிப்பில் சேரலாம், ஆனால் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு பிரிவுகளுக்கு +2-வில் இயற்பியலும் வேதியியலும் கேட்பார்கள். இயக்கம், எடிட்டிங் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. பதினைந்து வயதுப் பெண் இன்று டைரக்‌ஷன் என்பாள், ரெண்டு வருடத்தில் கேமரா என்பாள், கதவை இப்போதே சாத்த வேண்டாமே. விண்ணப்பிக்கும்போது அந்த வருட அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியான எஃப்டிஐஐயில் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி ஆகிய 3 வருடப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி வேண்டும், அதனால் அது பிறகு.

ஆர்வம் நிஜமா என்பதுதான் உங்கள் பயம், சரி. என்னிடம் வந்த ஒரு மாணவி பாட்டி டீ போடுவதை போனில் ஒன்றரை நிமிடம் எடுத்து வந்தாள். படம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு வெட்டில் குக்கர் விசில் பாதியில் அறுந்தது. நான் சொல்லவில்லை, அவளே முகத்தைச் சுளித்தாள். மறுவாரம் விசில் சத்தம் அடுத்த ஷாட்டிலும் தொடர்ந்து கேட்கும்படி இழுத்துவிட்டுக் கொண்டுவந்தாள், வெட்டு இருந்த இடமே தெரியவில்லை. நடிகர்களைப் பார்க்கும் ஆசையில் வருகிற பிள்ளைகள் இந்த மறுவார வேலையில்தான் காணாமல் போவார்கள்.

உங்கள் மகளிடமும் வசனம் இல்லாமல் ஒன்றரை நிமிடம் எடுத்து வரச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு "சூப்பர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எங்கே புரியவில்லை என்று சொல்லுங்கள். திரும்ப எடுக்கிறாளா பார்ப்போம், எடுத்தால் அந்தப் படத்தைப் போனிலேயே எனக்கு அனுப்புங்கள்.