ஒன்னேகால் கோடி விண்ணப்பம்

கேள்வி: 2022-ல பீகார்ல ரயில் பெட்டிய கொளுத்துனாங்களே, படிச்ச பசங்க செய்யுற வேலையா அது? கவர்ன்மென்ட் வேலை கிடைக்கலன்னா ஒரு கடைய வச்சு பொழைக்க வேண்டியதுதானே?

பதில்: பெட்டிய கொளுத்துனது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா நீங்க 2022 ஜனவரியிலேர்ந்து கதைய ஆரம்பிக்கிறீங்க, அந்தப் பசங்களுக்கு அது 2019 பிப்ரவரியிலயே ஆரம்பிச்சிடுச்சு. எலெக்‌ஷனுக்கு முன்னாடி ரயில்வே அறிவிப்பு, கிளார்க், கூட்ஸ் கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர்னு சுமார் 35,000 இடம், விண்ணப்பம் போட்டது ஒன்னேகால் கோடி பேர். முதல் பரீட்சை 2020 டிசம்பர் 28-ல தான் ஆரம்பிச்சுது, ரிசல்ட் 2022 ஜனவரியில. மூணு வருஷம்ங்க! அந்த மூணு வருஷத்த அவன் எங்க கழிச்சான்னு பாருங்க, பாட்னாவுலயோ பிரயாக்ராஜ்லயோ ஒரு லாட்ஜ் ரூம், மூணு பேர், ஒரு சின்ன சிலிண்டர் அடுப்பு, ஊர்லேர்ந்து அப்பா அனுப்புன அரிசி, சுவத்துல ஒட்டுன மேப்பு. படிச்சா மேல வரலாம்னு சொன்னத அவன் அப்படியே நம்பி உக்காந்து படிச்சவன்.

கடைசியில ரிசல்ட்ட பாத்தா ஒரே ஆளோட நம்பர் ரெண்டு மூணு சம்பள லெவல் லிஸ்ட்ல வருது, ப்ளஸ் டூ போதும்ங்கற வேலைக்கும் டிகிரி முடிச்சவன் போட்டி, அது போதாதுன்னு குரூப் டி-ங்கற ரயில்வேயோட கடைநிலை வேலைக்கு புதுசா ரெண்டாவது பரீட்சை வேற. தண்டவாளத்துல உக்காந்தாங்க. ஜனவரி 25, கலாட்டா பண்ணா ஆயுசுக்கும் ரயில்வே வேலை கிடையாதுன்னு நோட்டீஸ் வருது, அதே நாள் பிரயாக்ராஜ்ல போலீஸ் லாட்ஜ் கதவ துப்பாக்கிக் கட்டையால இடிச்சு உள்ள பூந்து அடிக்கிற வீடியோவும் வருது, அதுக்காக போலீஸ்காரங்க சிலர் சஸ்பெண்ட் ஆனாங்க. கயாவுல பெட்டி எரிஞ்சது மறுநாள். நீங்க அந்த மறுநாள மட்டும் பாக்குறீங்க.

கடை வைன்னு சொல்றது ஈஸி. அட்வான்ஸ் யாரு குடுப்பா? அப்பாகிட்ட இருந்தது ரூம் வாடகைக்கும் கோச்சிங்குக்கும் போயிடுச்சு. அஞ்சு மாசம் கழிச்சு ராணுவத்துக்கு ஆள் எடுக்குற அக்னிபத் திட்டம் வந்தப்பவும் இதே கதைதான், ஓட்டத்துலயும் மெடிக்கல்லயும் பாஸ் பண்ணிட்டு எழுத்துப் பரீட்சைக்கு காத்திருந்தவன புதுசா வந்து நில்லுன்னாங்க, அதுவும் நாலு வருஷ வேலைக்கு. அவன்கிட்ட போய் கடை வைன்னு சொல்லிப் பாருங்க, போன வருஷங்கள யாருங்க திருப்பித் தருவான்னு கேப்பான், அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல.