டெக் உயரமும் கம்ப்ரெஷனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350 வண்டியைப் புதுப்பித்து வருகிறேன். சிலிண்டரின் உள்துளையை 71 மி.மீ. விட்டத்துக்கு போர் செய்து, தலை தட்டையான புதிய பிஸ்டன் போட்டிருக்கிறோம். பிஸ்டன் முழுவதும் மேலே வந்து நிற்கும்போது சிலிண்டரின் விளிம்புக்கு 1.4 மி.மீ. கீழே இருக்கிறது. சிலிண்டரைக் கடைந்து இரண்டையும் சமமாக்கிவிட்டால் கம்ப்ரெஷன் 8க்கு 1 ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் குழிவு 49 சி.சி. பிடிக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டின் கனம் 1 மி.மீ., அதன் துளை 72 மி.மீ. அவர் சொல்வது சரிதானா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சரியில்லை. ஆனால் லேத்துக்குப் போகும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அதுவே பெரிய நிம்மதி.

இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு 1950களில் வந்த இந்த எஞ்சினின் போர் (உள்துளையின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ.; பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 346 சி.சி. நீங்கள் 71 மி.மீ. ஆக்கியதால் அது 356.3 சி.சி. ஆகியிருக்கிறது. கம்ப்ரெஷன் விகிதம் என்பது இந்த 356.3 சி.சி.யை, பிஸ்டன் மேலே நிற்கும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சியிருக்கும் இடத்தால் வகுத்து, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது. எஞ்சியிருக்கும் இடம் மூன்று பகுதிகளால் ஆனது. ஹெட்டின் குழிவு 49 சி.சி. பிஸ்டனின் தலைக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் உள்ள இடைவெளிதான் டெக் உயரம்; அந்த 1.4 மி.மீ.க்குள் அடங்குவது 5.5 சி.சி. கேஸ்கட்டின் கனத்துக்குள் அடங்குவது 4.1 சி.சி.; இதைக் கணக்கிடும்போது சிலிண்டரின் போரை எடுக்காமல், கேஸ்கட்டின் துளையையே எடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 58.6 சி.சி. ஆகவே இப்போதைய விகிதம் 7.1க்கு 1.

மெக்கானிக் சொல்வதுபோல் டெக் உயரத்தை முழுவதும் கடைந்து எடுத்தாலும் 53.1 சி.சி. மிஞ்சும், விகிதம் 7.7தான் வரும். 8 வேண்டுமானால் எஞ்சிய இடம் 50.9 சி.சி.யாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி 2 சி.சி.க்கு ஹெட்டிலோ கேஸ்கட்டிலோ கை வைக்க நேரும். இந்த எஞ்சினுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு 7.5 போதும், அதற்கு 0.95 மி.மீ. கடைந்தால் போதுமானது. பழைய கிராங்கையும் பேரிங்குகளையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் போவதில் கிடைக்கும் பலன், அவை தாங்க வேண்டிய சுமைக்கு ஈடாகாது.

இத்தனை கணக்கும் அந்த 1.4 என்ற எண்ணை நம்பி நிற்கிறது. ஆகவே, அதை எப்படி அளந்தீர்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. சிலிண்டரைக் கிராங்க்கேஸின் மேல் வெறுமனே உட்கார வைத்து அளந்திருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அடிக் கேஸ்கட்டைப் போட்டு, நட்டுகளுக்கு அடியில் குழாய்த் துண்டுகளை இடைவெளிக்கு வைத்து, ஹெட் இருந்தால் எவ்வளவு இறுக்குவீர்களோ அவ்வளவு இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பிஸ்டனின் தலையில் வைத்துக் கிராங்கை மெல்ல முன்னும் பின்னும் திருப்பி, முள் எங்கே திரும்புகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது பிஸ்டனின் முன் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்: எதிர் ஓரம் எழும்பி, முள் பத்தில் ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணால் காண்பீர்கள். பிஸ்டன், தன்னைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பிஸ்டன்-பின்னை அச்சாகக் கொண்டு ஆடுவதுதான் இதற்குக் காரணம். எனவே அந்தப் பிஸ்டன்-பின் அமைந்த கோட்டுக்கு நேர் மேலேயே, இரு முனைகளிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். 0.2 மி.மீ. பிழை 0.8 சி.சி.; விகிதத்தில் அது ஏறத்தாழ 0.1.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பட்டறையில் சிலிண்டரை இறுக்காமல் அளந்து கடைந்துவிட்டார்கள். அது என் வண்டி. பூட்டிய பிறகு பிஸ்டன் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தது. இன்னொரு சிலிண்டர் தேடுவதற்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

கடைவதென்று முடிவு செய்தால் சிலிண்டரின் அடிமுகத்தைக் கடையச் சொல்லுங்கள். வெளி ஃபின்களைப் பிடித்து லேத்தில் மாட்டக் கூடாது. போருக்குள் மேண்ட்ரல் (உள்ளிருந்து பிடிக்கும் தண்டு) கொடுத்து, அந்த அச்சுக்குச் செங்குத்தாகவே கடைய வேண்டும். சிலிண்டர் குட்டையாகும் அளவுக்கு, வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகள் தேவைக்கு மேல் நீளமாகிவிடும் என்பதால் அவற்றின் அடியிலுள்ள அட்ஜஸ்டரை மீண்டும் சரிசெய்ய வேண்டும். பிஸ்டனின் தலையில் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று திருப்பிப் பிரித்து, வால்வு பதிந்த இடத்தின் கனத்தை அளக்காமல் கிக்கரில் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: என் பிஸ்டனின் தலை மேடாக உள்ளது. அப்போது டெக் உயரக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: மேட்டின் கொள்ளளவைக் கழித்துக்கொண்டால் பொருந்தும். பிஸ்டனின் ஓரம் சிலிண்டர் விளிம்புக்குச் சரியாக 10 மி.மீ. கீழே நிற்கும்படி இறக்கி, சுற்றிலும் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விடுங்கள். 71 மி.மீ. போரில் அந்த இடம் 39.6 சி.சி. பிடிக்க வேண்டும். 35.1 சி.சி.யில் நிரம்பிவிட்டால் மேடு 4.5 சி.சி. (மேட்டின் உச்சி 10 மி.மீ.க்குள் அடங்கினால்தான் இம்முறை செல்லும்.)

ஹெட்டும் சிலிண்டரும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அமரும் எஞ்சின்களில், ஹெட்டைத் தட்டையான தகடு வைத்து அளப்பது பிழையைத் தரும். அத்தகைய எஞ்சினை முழுவதும் பூட்டி, பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளையே உச்சியில் வரும்படி எஞ்சினைச் சாய்த்து, மரையின் அடிவிளிம்பு வரை எண்ணெயை நிரப்பி அளப்பதே உறுதியானது. தனித்தனியாகப் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் நான் இதைத்தான் நம்புவேன். ஈரோட்டு வாசகரும் கடைவதற்கு முன் இதை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

கேள்வி: கம்ப்ரெஷன் கேஜில் வரும் எண்ணை வைத்தே விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியாது. விகிதம் வெறும் வடிவக் கணக்கு. கேஜ் காட்டுவது அழுத்தம். இன்டேக் வால்வு, பிஸ்டன் கீழே போய்த் திரும்பிச் சற்று மேலேறிய பிறகே மூடுகிறது. அதுவரை காற்று அழுத்தப்படுவதில்லை. ஆகவே வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைத் தீர்மானிக்கும் கேம் மாறினால், விகிதம் மாறாமலேயே கேஜின் எண் மாறும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. சென்னையில் அளந்த அதே வண்டி அங்கே குறைவாகத்தான் காட்டும். திராட்டிலை முழுவதும் திறக்காமல் உதைத்தாலும் அப்படியே. ரிங்கும் வால்வும் தேய்ந்திருக்கின்றனவா என்று, அதே வண்டியை அதே முறையில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கக் கேஜ் நல்ல கருவி. அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.