கேள்வி – பதில்

கே: ஃபிரைடு ரைஸுக்கு வாங்கிய சிப்பி சாஸ் பாட்டிலில் '1888' என்று போட்டிருக்கிறது. அவ்வளவு பழைய கம்பெனியா?
– ஒரு வாசகி, ஈரோடு

ப: நிஜம்தான். கம்பெனியின் பெயர் லீ கும் கீ. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் நான்ஷூய் என்ற ஊரில் லீ கும் ஷியுங் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அடுப்பில் வைத்த சிப்பியை மறந்துவிட, அது சுண்டிப் பழுப்பாகக் கெட்டிப்பட்டு மணக்க, அதையே விற்க ஆரம்பித்தார் என்பது குடும்பம் சொல்லும் கதை. எல்லாப் பழைய கம்பெனிக்கும் இப்படி ஒரு கதை உண்டு, கேட்டுக்கொள்வோம்!

1902-இல் கடை தீப்பிடிக்க, ஹாங்காங் அருகிலுள்ள மக்காவ் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1932-இல் தலைமையகம் ஹாங்காங்குக்குப் போனது. வட அமெரிக்காவில் குடியேறிய சீனர்கள்தான் ஏற்றுமதிக்கு முதல் வாடிக்கையாளர்கள். ஆனால் சிப்பி சாஸ் அன்று வசதியானவர்களின் பண்டம். 1972-இல் பேரன் லீ மான் டாட் பொறுப்புக்கு வந்து, 'பாண்டா' என்று மலிவான ரகத்தை இறக்கினார். சாதாரண வீட்டு அடுப்படிக்கும் சாஸ் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் 1888-ஐ விட 1972-தான் முக்கியம்.

அப்புறம் பங்காளிச் சண்டை. அது இல்லாத குடும்பத் தொழில் ஏது? எண்பதுகளில் லீ மான் டாட் தன் தம்பியுடன் வழக்கு வரை போய், கடைசியில் அவர் பங்கை விலைக்கு வாங்கித்தான் தீர்ந்தது. பிள்ளைகள் காலத்திலும் அது தொடராமலிருக்கக் குடும்பத்துக்கென்றே தனி மன்றம் அமைத்தார்கள். லீ மான் டாட் 2021-இல் காலமானார். கம்பெனி இன்னும் குடும்பத்தின் கையில்தான்.