கிளை நூலகத்தில் புது நாவலும் சமையல் புத்தகமும் தேடி எடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறேன். நாவல் அலமாரியில் எப்போது பார்த்தாலும் அதே பழைய புத்தகங்கள்தான். அம்மாவுக்காக எடுத்துப்போன சமையல் புத்தகங்கள் இரண்டிலும் அளவே சரியில்லை. நூலகரைக் கேட்டால் "எல்லாம் அங்கேதான் இருக்கு, பாருங்க" என்கிறார். புதிதாக வந்தவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் அலமாரியில் மட்டும் தேடுகிறீர்கள். நன்றாக ஓடுகிற நாவல் அலமாரிக்கு வந்து சேர்வதே அபூர்வம். ஒருவர் திருப்பிக் கொடுத்ததும் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி வைக்கும் மேசை. அடுக்கும் முன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் சனி காலையிலும் ஞாயிறன்றும் அந்த மேசை நிறைந்திருக்கும். இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறையாக இருக்கலாம், அன்று மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது பதிவெண். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வந்த வரிசையில் ஓர் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றுவார்கள். அந்த எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் காணலாம்; புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்திலும் நூலக முத்திரையோடு இருக்கும். தலைப்புப் பக்கத்தைக் கிழித்தாலும் புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது. நூலகரிடம் "புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்டால் அவர் கையை அலமாரிப் பக்கம்தான் காட்டுவார். "கடைசியா வந்த கட்டு எந்தப் பதிவெண்ணிலிருந்து தொடங்குது? அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டியதைக் குறித்துக்கொண்டால் பிறகு தேடல் சுலபம். புத்தகம் வெளியே போயிருந்தால் உங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் பெருவாரியான நாவல்கள் டிசம்பர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் அச்சாகின்றன. அவை அரசு நூலகங்களை நடத்தும் பொது நூலக இயக்ககத்தின் தேர்வு, கொள்முதல் முடிந்து, மாவட்டத்துக்கு வந்து, எண் போட்டுக் கிளைக்குப் போய்ச் சேர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். இந்தப் பொங்கலுக்கு வந்த நாவலை இந்த ஆடியில் கிளை நூலகத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய புத்தகக் காட்சியில் பேசப்பட்ட நாவல்களின் பட்டியலோடு போனால் கை நிறையக் கிடைக்கும். சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியலும் இதே காரணத்தால் உதவும். விருது ஆண்டுக்கு முந்தைய ஓராண்டை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வெளியான நூல்களைத்தான் அந்த விருதுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். உதாரணமாக 2023 விருதுக்கு 2017 முதல் 2021 வரை வந்தவை. அறிவிப்பு வரும் நாளில் அந்த நூல் ஏற்கெனவே உங்கள் நூலகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். மறுநாளே போய்விடுங்கள், ஒரு வாரம் தாமதித்தால் வரிசையில் நிற்க வேண்டும்.

சுடச்சுட வந்ததைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி ஒன்று வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. எல்லாப் பதிப்பகமும் ஒழுங்காக அனுப்புவதில்லை. அனுப்பியவற்றையும் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க முடியும். வாங்கலாமா, பரிந்துரைக்கலாமா என்று முடிவு செய்ய அது போதும்.

இனி அலமாரி எண். பொருள் வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கும் நூலகத்தில் தமிழ் நாவல்களும் சிறுகதைகளும் 894.8113. பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு நாவலுக்கு அதன் மூலமொழியின் எண்ணைத்தான் போடுவார்கள்: மலையாளம் 894.812, கன்னடம் 894.814, தெலுங்கு 894.827, வங்காளம் 891.44, ருஷ்யன் 891.73. சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்ட்டும் பல பதிற்றாண்டுகளாகத் தமிழில் கொண்டுவந்த இந்திய நாவல்கள் இந்த எண்களில் யாரும் தொடாமல் கிடக்கும். அச்சான ஆண்டு பழையதுதான், ஆனால் படிக்காதவருக்கு அவை புது நாவல்களே. இந்த அலமாரிகளை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். மொழிபெயர்ப்பை எடுக்கும்போது, மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா, இடையில் ஆங்கிலம் வழியாக வந்ததா என்று முதல் பக்கங்களில் பாருங்கள். நேரடியாக வந்ததில் உறவுமுறைப் பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் பிழைத்திருக்கும். சில நூலகங்கள் டூயிக்குப் பதிலாக, சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அங்கே எண் வேறு மாதிரி இருக்கும், முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கொரு முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால், எடுத்தவர்கள் முடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளில் திரும்பிய முத்திரைகள் வரிசையாக இருந்தால் ஒன்று விறுவிறுப்பு, இல்லை பாதியில் போட்டுவிட்டார்கள். குடும்ப நாவலுக்கும் துப்பறியும் கதைக்கும் முத்திரை எப்போதும் கூடுதலாகத்தான் விழும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். முத்திரையே விழாத நாவலாக இருந்தால் பின்னட்டை வாசகத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். முதல் பக்கம் ஒன்று, ஐம்பதாம் பக்கம் ஒன்று நின்றபடியே படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் செதுக்குவார்கள். உரையாடல் உயிரோடு இருக்கிறதா என்பது ஐம்பதில் தெரியும்.

சமையல் புத்தகங்கள் 641.5-இல் இருக்கும். தொழில்நுட்பம் என்ற 600 வரிசையில், மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் அப்பால். வட்டாரச் சமையல் 641.59, ஒவ்வொரு வகைப் பலகாரமாக எழுதியவை 641.8, நோயாளிக்கான பத்திய உணவு 641.563. ஊறுகாய், வற்றல் பக்குவம் 641.4-இல் தனியே நிற்கும். சில ஊர்களில் இவற்றை எண் பார்க்காமல் மகளிர் பகுதிக்கு மாற்றி வைத்திருப்பார்கள். பெண்கள் பத்திரிகைகளின் பழைய இதழ்க் கட்டுகளையும் கேளுங்கள். சமையல் இணைப்புகள் அவற்றுக்குள் செருகியிருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு உதவாமல் போன புத்தகங்களின் குறை பெரும்பாலும் அளவில்தான் இருக்கும். எடுக்கும் முன் வீட்டில் நன்றாகத் தெரிந்த ஒரு பலகாரத்தை வைத்துப் புத்தகத்தைச் சோதியுங்கள். மைசூர்பாகு நல்ல உரைகல். கடலை மாவு 1 பங்கு, சர்க்கரை 2, நெய் 2 முதல் 3 என்று இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. பாகு ஒற்றைக் கம்பிப் பதம் என்று சொல்லியிருக்கிறதா? நெய்யைப் பக்கத்து அடுப்பில் சூடாகவே வைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறதா? நெய் ஆறியிருந்தால் மைசூர்பாகில் புரை (சிறு துளைகள்) விழாது. ஓரம் நுரைத்து நெய் பிரியும்போது தட்டில் கொட்டு, சூடு ஆறும் முன் கீறு என்று இருக்கிறதா? பதம் முந்தினால் கெட்டியாகாமல் குழையும், பிந்தினால் பொடிந்து போகும். இதையெல்லாம் சொல்லாமல் "பதமாக வந்ததும் இறக்கவும்" என்று முடித்திருந்தால் வைத்துவிடலாம். மற்ற குறிப்புகளும் அப்படித்தான் இருக்கும்.

"ஒரு கப்" என்பது 200 மில்லியா, 240 மில்லியா என்று முன்னுரையில் சொல்லாத புத்தகத்தில், எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் மட்டும் தப்பிக்கலாம். கிராமும் கப்பும் கலந்து எழுதியிருந்தால் கணக்கு உதைக்கும். ஊறுகாய்க்கு உப்பைக் கிராமில் சொல்லாத புத்தகம் வேண்டாம். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 200 கிராம் அளவில் உப்பு விழாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கரண்டிக் கணக்கில் கல் உப்பும் தூள் உப்பும் ஒரே எடை வராது.

1960-களுக்கு முந்தைய புத்தகம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், பக்குவம் விரிவாக இருக்கும். அதில் வரும் பழைய எடைகளை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: தோலா என்பது 11.66 கிராம், பலம் சுமார் 35 கிராம், வீசை 1.4 கிலோ. முகத்தல் அளவான படி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்ற விகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டு டம்ளரால் அளந்துகொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். வேண்டிய குறிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தைத்தான் பூச்சி முதலில் அரிக்கும்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்காத புத்தகத்துக்கு, வாங்க வேண்டிய நூல்களை வாசகர்கள் எழுதும் பரிந்துரைப் பதிவேடு இருக்கிறது. "நல்ல சமையல் புத்தகம் வாங்கவும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, விலை ஐந்தையும் எழுதுங்கள். வாசகர் வட்டத்தில் இன்னும் நாலைந்து பேர் அதே நூலைக் கேட்டு எழுதினால் கோரிக்கைக்கு எடை கூடும். நம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். கூடவே மாவட்ட மைய நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று நூலகர் மூலம் விசாரியுங்கள். உங்களுக்கு அது தஞ்சாவூரில் இருக்கிறது.