பதில்: பல் ஆடுகிறது, ஈறு நிபுணரிடம் போவது அவசியமா?

வணக்கம். பல்லைச் சுத்தம் செய்த பிறகும் ஈறில் இரத்தம் கசிவதாகவும், கீழ் முன்பல் இலேசாக ஆடுவதாகவும், உங்கள் பல் மருத்துவர் ஈறு நிபுணரிடம் அனுப்புவது வீண்செலவோ என்று நீங்கள் ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கருத்தில் அந்தப் பரிந்துரை சரியானதே.

ஈறு நிபுணர், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழத்தை மெல்லிய அளவுகோலால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் அளப்பார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து, எக்ஸ்ரேயிலும் எலும்புத் தேய்வு தெரிந்தால், மேலோட்டமான சுத்தம் போதாது என்பதால், மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின்மீது படிந்த காரையை (கெட்டியாகிப்போன அழுக்குப் படிவை) அகற்றுவார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, பள்ளம் குறையாத இடங்களில் மட்டுமே அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார். இழந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்ப வளராது. ஆகவே தாமதிக்க வேண்டாம்.

சுத்தம் செய்ததால்தான் பல் ஆடுகிறது என்பது (பலரும் நம்பினாலும்) தவறு. காரை மறைத்திருந்த தளர்ச்சியே பிறகு வெளியே தெரிகிறது. நீரிழிவோ புகைப்பழக்கமோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் இரண்டுமே ஈறு ஆறுவதைத் தாமதப்படுத்தும். பல்லைப் பிடுங்கும் முடிவை அந்த அளவீடு வரும்வரை தள்ளிவையுங்கள்.