கப்பலில் சுருட்டு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். தங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் மணிவிழாவை முன்னிட்டு, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் எங்கள் இருவருக்கும் பால்கனி உள்ள அறை ஒன்றைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு இரவுப் பயணம். கப்பல் நம் பினாங்குக்கும் வந்துபோகும்.

எனக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சுருட்டு பிடிப்பேன், அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டனாரிடமிருந்து வந்த ருசி அது. முனியாண்டிக்கே சுருட்டு படைத்து வளர்ந்தவர்கள் நாம். பால்கனியில் அமர்ந்து கடலைப் பார்த்தபடி நல்ல கியூபா சுருட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மகன் ஒரு பெட்டியும் வாங்கித் தந்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் என் மைத்துனர் தமக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததைச் சொன்னார். பால்கனியில் அவர் சுருட்டைப் பற்றவைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம். பக்கத்து அறைக்காரர் புகார் செய்ய, பாதுகாப்பு அதிகாரி வந்து கதவைத் தட்டி அணைக்கச் சொன்னதோடு, அறைக் கணக்கில் 250 அமெரிக்க டாலர் அபராதமும் ஏற்றிவிட்டார்களாம். "பணம் கட்டி எடுத்த அறை, திறந்த கடல், அடிக்கிற காற்று, இதில் யாருக்கு என்ன இடைஞ்சல்?" என்று இன்னும் குமுறுகிறார். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. கப்பலில் சுருட்டு பிடிப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்குவீர்களா?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்களுக்கும் துணைவியாருக்கும் என் மணிவிழா வாழ்த்துகள்.

தங்கள் ஆசையைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் பால்கனியில் சுருட்டு பிடிக்கவே கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. தங்கள் மைத்துனர் நினைப்பதுபோல அது வெறும் நாகரிகப் பிரச்சினையும் அன்று. 2006 மார்ச் 23 அன்று விடியற்காலை 3 மணியளவில், கரீபியன் கடலில் ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டு அங்கிருந்த பொருள்களைச் சூடேற்றியதே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை கூறியது. பால்கனிகளுக்கு இடையிலிருந்த தடுப்புகள் பாலிகார்பனேட்டால் ஆனவை. அவை எரிந்து உருகிக் கரும்புகையைக் கக்கின. ஓடும் கப்பலின் காற்று தீயைப் பால்கனியிலிருந்து பால்கனிக்கும், ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கும் தள்ளிக்கொண்டு போயிற்று. பால்கனிகளில் தீயை உணரும் கருவியோ நீர் தெளிக்கும் குழாயோ அப்போது இல்லை. பயணி ஒருவர் உயிரிழந்தார். 79 அறைகள் மீண்டும் பயன்படுத்த முடியாதவை என்று ஒதுக்கப்பட்டன. மேலும் 218 அறைகள் நெருப்பாலும் புகையாலும் நீராலும் சேதமடைந்தன.

பால்கனிகளில் எரியும் பொருள்களைக் கட்டுப்படுத்தி, தீயைக் கண்டறியவும் அணைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதிகள் கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு 2008 ஜூலையில் நடப்புக்கு வந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் அறையிலும் பால்கனியிலும் புகைப்பதை முற்றிலும் தடுத்துவிட்டன. மீறினால் 250 முதல் 500 அமெரிக்க டாலர் வரை அபராதம் விதிக்கும் நிறுவனங்கள் உண்டு. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. அணைக்க வேண்டியவர்கள் கப்பல் ஊழியர்களே, ஓடி ஒதுங்க வேறு நிலமும் இல்லை. கதவைத் தட்டிய அதிகாரியின் மனத்தில் இருந்தது இதுதான் என்று தங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். குமுறல் சற்றுத் தணியும் என்று நம்புகிறேன்.

"அடிக்கிற காற்று" என்கிறாரே, அந்தக் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலில் காற்றே இல்லாத நாளிலும், மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் செல்லும் கப்பலின் மேல்தளத்தில் கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர் வேகக் காற்று முன்னிருந்து பின்னாக வீசிக்கொண்டே இருக்கும். அது தங்கள் புகையைக் கடலுக்குக் கொண்டுபோகும் என்பது கண்ணின் ஏமாற்று. கப்பலின் பக்கவாட்டை உரசியபடியே அது பின்னாலுள்ள பால்கனிகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டு செல்கிறது. யாராவது கண்ணாடிக் கதவைத் திறந்தால் அறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. இதற்கு மாறாக, கப்பல் செல்லும் திசையிலேயே அதே வேகத்தில் காற்றும் வீசினால் தளத்தில் இலைகூட அசையாது. அப்போது புகை இருந்த இடத்திலேயே தேங்கி நிற்கும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டி முழுவதிலும் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். அது மணிக்கணக்கில் புகையும். பக்கத்து அறைக்காரர் கால் மணி நேரத்திலேயே புகார் செய்தார் என்றால் அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

நம் மலேசியாவில் 2019 ஜனவரி முதல் உணவகங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. மேசைகளை விட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொள்வது நமக்குப் பழகிவிட்டது. அந்தக் கணக்கு கப்பலில் செல்லாது. தரையில் புகை பிடிக்காதவர் எழுந்து வேறிடம் போய்விடலாம். கப்பலில் பக்கத்து அறைக்காரருக்கு நான்கு இரவும் அந்த அறைதான், அந்தப் பால்கனிதான். விலகிச் செல்ல அவருக்கு வழியில்லாததால், விலகிச் செல்லும் கடமை முழுவதும் சுருட்டு பிடிப்பவர் மேல் விழுகிறது. கப்பலில் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

பாட்டனாரையும் முனியாண்டியையும் குறிப்பிட்டிருந்தீர்கள். தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டு படைத்தது எங்கே? பெரும்பாலும் எல்லையில், மரத்தடியில், வெட்டவெளியில். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீட்டுக் கிழவர்களும் பிள்ளைகள் படுத்துறங்கும் அறைக்குள் சுருட்டைப் பற்றவைத்ததில்லை. வாசலுக்கு வந்து, அஞ்சடி என்ற முன் தாழ்வாரத்தில் குந்தியமர்ந்துதான் பிடித்தார்கள். அந்த வழக்கத்தைத்தான் கப்பலும் இன்று நம்மிடம் கேட்கிறது.

எங்கே பிடிக்கலாம் என்பதைக் கப்பலேறிய முதல் நாளே விருந்தினர் சேவை முகப்பில் கேட்டுவிடுங்கள். "புகை பிடிக்கும் இடம் எது" என்று கேட்காமல், "சுருட்டு பிடிக்கும் இடம் எது" என்றே கேளுங்கள். சிகரெட்டுக்கு அனுமதியுள்ள இடங்கள் எல்லாவற்றிலும் சுருட்டுக்கு அனுமதி இருப்பதில்லை. சிகரெட் பிடிக்க விடும் சூதாட்டக் கூடத்திலும் சுருட்டுக்கும் பைப்புக்கும் இடமில்லை என்பது பல கப்பல்களில் விதி. சில கப்பல்களில் சுருட்டுக்கென்றே தனி அறை உண்டு; குனார்ட் நிறுவனத்தின் 'குவீன் மேரி 2' கப்பலில் சர்ச்சிலின் பெயரில் அப்படி ஓர் அறை இருக்கிறது. அத்தகைய அறை இல்லாத கப்பலில், திறந்த தளத்தின் குறிப்பிட்ட ஒரு மூலை மட்டுமே தங்களுக்குக் கிடைக்கும்.

அந்த மூலையிலும் உட்காரும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலாக்கா நீரிணையில் ஒரு மாலை, கம்பி அழியை ஒட்டி அமர்ந்திருந்த ஒருவர் சுருட்டின் சாம்பலைக் கடலில் தட்டிவிடக் கையை வெளியே நீட்டினார். ஓர் அங்குல நீளத்துக்கு உருண்டு நின்ற அந்தச் சாம்பல் விரல் பட்டதும் முறிந்தது. ஆனால் கீழே விழவில்லை. காற்று அதை அள்ளித் தளத்துக்கே திருப்பியது. நாலைந்து நாற்காலி தள்ளி அமர்ந்திருந்த அம்மையார் ஒருவரின் வெண்ணிறப் பருத்திப் புடவையில் சாம்பல் துகள்கள் சிதறின. அவற்றோடு வந்த ஒரு பொறி முந்தானையில் மிளகளவு ஓட்டை போட்டது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். சுருட்டுக்காரர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே அழியை ஒட்டி அமராதீர்கள். சுவரின் மறைவில், தங்களுக்குப் பின்னால் காற்றின் போக்கில் யாருமில்லாத நாற்காலியாகப் பார்த்து அமருங்கள். ஏற்கெனவே யாரேனும் அங்கே இருந்தால், "பற்றவைக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், புகைக்கும் இடம்தானே என்று கேட்காமல் இருந்துவிட வேண்டாம். குழந்தையோடு யாரேனும் வந்து நின்றால், அவர்கள் நகரும்வரை சுருட்டைப் பற்றவைக்காமல் இருப்பதே அழகு. பற்றவைத்த சுருட்டோடு நடைபாதையிலோ மின்தூக்கியிலோ செல்வது எந்தக் கப்பலிலும் ஆகாது.

சுருட்டை நசுக்கி அணைக்கக் கூடாது, சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டால் தானாகவே அணைந்துவிடும் என்பது சுருட்டுப் பிரியர்களிடையே பழைய மரியாதை. நசுக்கினால் கசந்த நாற்றம் கிளம்பும் என்பதால் வந்த வழக்கம் அது, நியாயமானதும்கூட. ஆனால் கப்பலில் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. முனைக் கங்கு மேற்புறம் கறுத்த பின்னும் உள்ளே நெடுநேரம் உயிரோடிருக்கும். காற்று ஊதினால் மீண்டும் சிவந்துவிடும். குழிவான உலோகக் கிண்ணமாகப் பார்த்து வையுங்கள், அது முழுவதும் ஆறும்வரை பக்கத்திலேயே இருங்கள். அவசரமாகப் போக நேர்ந்தால் பணியாளரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள். காகிதக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துண்டைக் கடலில் எறிவது அதைவிடப் பெருந்தவறு. காற்று அதைக் கீழ்த்தளப் பால்கனியில் கொண்டுவந்து சேர்க்கும். கப்பலிலிருந்து குப்பை கொட்டுவதைச் சர்வதேசக் கடல் மாசு ஒப்பந்தமும் தடுக்கிறது. சுருட்டைச் சுற்றியுள்ள கண்ணாடித்தாளுக்கும் இது பொருந்தும்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் எரிபொருள் நிரப்பும் வேளையில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள், இரவானால் சிவப்பு விளக்கு எரியும். அப்போது வழக்கமாக அனுமதி உள்ள திறந்த தளத்திலும் புகைக்கக் கூடாது என்று அறிவிப்பு வரலாம். வந்தால் மறுபேச்சின்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தச் சுருட்டை எடுத்துச் செல்வது என்பதிலும் யோசனை தேவை. 18 சென்டிமீட்டர் நீளமுள்ள 'சர்ச்சில்' வகை ஒன்றரை மணி நேரம் எரியும்; அதைவிடக் குட்டையான 'ரொபஸ்டோ' முக்கால் முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். திறந்த தளத்தில் காற்று ஊத ஊத சுருட்டு ஒருபக்கமாகச் சூடேறி எரிந்து கசந்துவிடும். மகன் வாங்கித் தந்த நல்ல சுருட்டு அப்படி வீணாவதை நான் விரும்பமாட்டேன். தளத்துக்கு 'ஹாஃப் கொரோனா' போன்ற குட்டைச் சுருட்டே ஏற்றது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பிறருக்கும் பாரமில்லை. நீண்டதைத் தனியறை இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் அமரும்போது கப்பல் விற்கும் சுருட்டு ஒன்றையோ பானம் ஒன்றையோ வாங்குவது மரியாதை. சொந்தச் சுருட்டைப் பிடிக்கலாமா என்று பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது. பக்கத்திலிருப்பவர் கேட்காதவரை அவருடைய சுருட்டை வெட்டிக் கொடுக்கவோ, அதன் தரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவோ போகாதீர்கள். முடித்த பின் நேரே உணவுக்கூடத்துக்குச் செல்லாமல், அறைக்குச் சென்று வாய் கொப்பளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போங்கள். துணைவியார் இதைப் பெரிதும் பாராட்டுவார்.

நம் ஊர் வெக்கையில் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் புகையிலை வண்டு பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும். கப்பலிலோ குளிரூட்டி அதைக் காயவைத்துவிடும். இறுக மூடும் சிறு பெட்டியில், ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காட்டில் நிறுத்தும் உறை ஒன்றுடன் வைத்துக்கொள்ளுங்கள். சீறி எரியும் டார்ச் லைட்டரை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், கப்பல்கள் சிலவும் வாங்கி வைத்துக்கொள்ளும். நீளமான தீக்குச்சி போதும்.

கடைசியாக, கப்பலேறும் முன் சிங்கப்பூர் சுங்கம். புகையிலைப் பொருளுக்கு அங்கே தீர்வைச் சலுகை எதுவும் கிடையாது. ஒரே ஒரு சுருட்டானாலும் சிவப்பு வழியில் சென்று அறிவித்துத் தீர்வை கட்டியாக வேண்டும். மறைத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் அபராதம் சுருட்டின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பெட்டி முழுவதையும் தூக்கிச் செல்லாதீர்கள். நான்கு இரவுக்குக் குட்டைச் சுருட்டு இரண்டும் நீண்டது ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை பட்டர்வொர்த் வீட்டிலேயே விட்டுவையுங்கள், திரும்பி வந்த பின் வரும் சனிக்கிழமைகளுக்கு ஆகும்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து